ரப்பருக்குப் பதில் வாஷர்

என் வீட்டுக்காரரைக் கைராசிக்காரர் என்று நாலு தெரு சொல்லும். செத்துக் கிடக்கிற எஞ்சினையும் முதலில் இருமவைத்து, பிறகு ஓடவைத்துவிடுவார். வீட்டின் முன்னறைதான் பட்டறை. பெட்ரோல் வாசனை இல்லாமல் நான் ஒரு வாய் சாப்பிட்டதெல்லாம் கல்யாணத்துக்கு முன்னால்தான். மனிதர் சுத்தம் பார்ப்பார். ஏர் ஃபில்டரைச் சோப்பு நுரையில் அலசி, கொடியில் என் துணிக்குப் பக்கத்திலேயே காயப்போடுவார். நான் கத்துவேன். காதில் போட்டுக்கொள்ள மாட்டார். ஒரே ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஓடினால் போதும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பார். அந்த ‘அப்புறம்’ எங்கள் வீட்டுக்கு வந்ததே கிடையாது.

அவருடைய தம்பி, என் கொழுந்தன், புல் வெட்டுகிறவன். தோளில் பெல்ட் போட்டு மாட்டிக்கொள்கிற பெட்ரோல் மெஷின். நுனியில் நைலான் நரம்பு சுழன்று புல்லைச் சீவும். ஆஸ்பத்திரி வளாகம், பள்ளிக்கூட மைதானம், சாலையோரம் என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை அதைப் பிடித்தபடியே நிற்பான். சர்வீஸ் செய்வது அண்ணன்தான். பிளக்கைத் துடைப்பது, கார்புரேட்டரைக் கழுவுவது, பெட்ரோலில் ஆயில் எவ்வளவு கலப்பது, எல்லாவற்றிலும் அண்ணன் சொன்னதுதான் அவனுக்குச் சட்டம்.

இரண்டு மழைக்காலத்துக்கு முன்பு அந்த மெஷினில் ரப்பர் புஷ் ஒன்று கிழிந்துபோயிற்று. எஞ்சினுக்கும் கைப்பிடிக் குழாய்க்கும் நடுவில் இருந்து, எஞ்சினின் ஆட்டம் கைக்கு வராமல் வாங்கிக்கொள்கிற ரப்பர் அது. கடையில் இல்லை, வரவழைக்க வேண்டும் என்றார்கள். மறுநாள் தம்பிக்கு வேலை இருந்தது. இவர் ரப்பர் இருந்த இடத்தில் இரும்பு வாஷர்களை அடுக்கி, நட்டை முறுக்கிக் கொடுத்துவிட்டார். மெஷின் ஓடியது. ரப்பரை அதோடு மறந்தாயிற்று.

போன வாரம் கொழுந்தன் மெஷினைச் சர்வீஸுக்குக் கொண்டுவந்தான். அடுப்பிலிருந்து வெந்நீர்ச் சட்டியை நான் துணி பிடித்து இறக்கிக்கொண்டிருந்தேன். குடுங்க அண்ணி என்று வெறுங்கையால் வாங்கியவன், சிரித்துக்கொண்டே நின்றான். சட்டியைப் பிடுங்கி வைத்துவிட்டுப் பார்த்தால், விரலெல்லாம் பழுத்துச் சிவந்திருந்தது. அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

கையைத் தண்ணீரில் காட்டவைத்துத் திட்டினேன். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. காலைக் குளிரில் விரல்நுனி வெளுத்து மரத்துப்போகிறதாம். சட்டைப் பொத்தானைப் பெண்டாட்டிதான் போட்டுவிடுகிறாளாம். டாக்டரிடம் போயிருக்கிறான். மெஷின் ரொம்ப ஆடுகிறதா, அதில் ரப்பரெல்லாம் சரியாக இருக்கிறதா என்று அவர் கேட்டாராம்.

“எனக்குக் கோவம் வந்துடுச்சு அண்ணி. எங்கண்ணன் கை வச்ச மெஷின்ல குறை சொல்லாதீங்கன்னு சத்தம் போட்டுட்டு எழுந்து வந்துட்டேன்” என்றான்.

முன்னறையில் ஸ்பேனர் சத்தம் நின்றது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவருக்கு நெஞ்சு மட்டுமா, ஆளே குறுகிப்போனார். மெஷின் இங்கேயே இருக்கட்டும் என்று மட்டும் சொல்லித் தம்பியை அனுப்பினார். அதன்பிறகுதான் வாஷர் கதையை என்னிடம் சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல். அவனிடம் சொல்லுங்கள் என்றேன். முதலில் ரப்பர் வரட்டும் என்றார். இதற்கும் ஒரு அப்புறமா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் ரப்பருக்காகக் கடை கடையாக அலைந்துவிட்டு வந்து, சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோகிற மனிதரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ரப்பர் கிடைத்தது. தம்பியை வரச்சொன்னார். வீட்டின் பின்பக்கத்துப் புல்லில் அவன் மெஷினை ஓட்டிப் பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பு. ஆட்டமே தெரியவில்லை, அண்ணன் கை வைத்தால் வைத்ததுதான் என்றான்.

ஓடிக்கொண்டிருந்த மெஷினின் கைப்பிடியை இவர் வாங்கிப் பிடித்துப் பார்த்தார். நானும் தொட்டுப் பார்த்தேன். புது ரப்பர் போட்டும் உள்ளங்கையில் குறுகுறுவென்று ஒரு ஆட்டம் இருந்தது. எந்த மெஷினுக்கும் இருக்கிற ஆட்டம்தான். அவன் கைக்கு அதுகூடத் தெரியவில்லை.

இவர் எஞ்சினை அணைத்தார்.

“ரப்பர் கிழிஞ்சப்போ நான் மாத்தலடா. வாஷரை வச்சு முறுக்கிக் குடுத்துட்டேன். உன் கை இப்படி ஆனது என்னாலதான்.”

கொழுந்தன் விரல்களை மடக்கி மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நாலு வார்த்தை திட்டித் தொலைக்கமாட்டானா என்று இருந்தது எனக்கு. நாளைக்கே அந்த டாக்டரிடம் போய் மன்னிப்புக் கேட்டு வைத்தியம் பார் என்றேன். தலையாட்டினான். பெல்ட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவன் திரும்பி வந்தான்.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. அடுத்த சர்வீஸை வெளியில குடுத்துக்கட்டுமா?”

“குடுத்துக்கோடா” என்றார் இவர்.