சிங்களத்தில் நான் மாமி

அன்று தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் இருந்தவர்கள்: என்னோடு கடன் குழுவில் இருக்கும் நான்கு பெண்கள், தவணை வாங்க வந்த கம்பெனிக்கார சிங்கள மாத்தியா, பள்ளிக்கூட வேனிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்த என் மகள், நான்.

ஐந்து பேரில் ஒருத்தி கட்டாவிட்டாலும் மற்றவர்கள் எழுந்து போக முடியாது. அன்று கட்டாதவள் நான். கொழுந்து குறைந்து சம்பளமும் குறைந்த மாதம். அடுத்த கிழமை தருகிறேன் என்று கேட்க எனக்குச் சிங்களம் போதாது. கடையில் சாமான் வாங்க வரும். கையில் பேனா வைத்திருப்பவரைக் கண்டால் அதுவும் வராமல் நின்றுவிடுவேன். என் அம்மாவும் இப்படித்தான் நின்றாள். மகளும் நிற்கக் கூடாதென்றுதான், ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் அவளை டவுன் சிங்களப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். அந்தச் செலவுக்குத்தான் இந்தக் கடன். ஆடு வாங்குவதாகச் சொல்லி எடுத்தது.

"பாப்பா, நீயே கேளேன்" என்றாள் குழுவில் ஒருத்தியான பக்கத்து வீட்டு அக்கா.

மகள் கேட்டாள். பிசிறில்லாத சிங்களம். மாத்தியா அசந்துபோய், யார் வீட்டுப் பிள்ளை என்றார். அவள் என்னைப் பார்த்தாள்.

என் மனம் ஆட்டிலேயே நின்றது. மகள் என்று தெரிந்தால் வேன் காசு ஏது என்பார், ஆட்டைக் காட்டு என்பார், மொத்தத்தையும் இப்போதே கட்டு என்பார். நோர்வூட்டில் இருக்கும் சொந்தக்காரர் பிள்ளை என்றேன். சிங்களத்தில் அந்த ஒரு பேச்சு மட்டும் தடங்கலில்லாமல் வந்தது.

மகள் கண்ணை எடுத்துக்கொண்டாள். "இந்த நெந்தா பொய் சொல்ல மாட்டார், கட்டிவிடுவார்" என்று அவரிடம் சிங்களத்தில் சொன்னாள். நெந்தா என்றால் மாமி. ஒரு கிழமை, ஏழு நாள், கிடைத்தது.

அவர் போனதும் அக்கா, "ஏன்டி, பெத்த புள்ளய நோர்வூட்டுக்கு ஏத்தி விட்டுட்டியே, பஸ் காசு யாரு குடுத்தா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உள்ளே வந்து சோறு போட்டேன்.

"போதும் நெந்தே."

"அம்மான்னு சொல்லு பாப்பா. பயத்துல வாய் தவறிருச்சு."

"அவரு அடுத்த கெழமையும் வருவாருல்ல. பழகிக்கிறேன்."

அடுத்த கிழமை கட்டினேன். அவர் முன்னால் அவள் என்னை நெந்தா என்றே கூப்பிட்டாள். கடன் முடியும்வரை அப்படித்தான். இன்னும் இருபத்தொன்பதாயிரம் ரூபாய் பாக்கி.