வெள்ளிக் காசும் வராத காய்ச்சலும்

ஊரார் பிள்ளையைப் போர்முனைக்கு வழியனுப்பிவிட்டு, என் பிள்ளையை வீட்டுக்குள் தாழிட்டு வைத்தவன் நான்! சுற்றி வளைத்துச் சொன்னால் நீங்கள் என்மேல் இரக்கப்பட்டுவிடக்கூடும். அதனால்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நெய்வேலியில் நான் ஆங்கில ஆசிரியன். போரில் மாண்ட வீரர்கள், தங்கள் போரைத் தொடரும்படி உயிரோடிருப்பவர்களைக் கேட்கும் புகழ்பெற்ற கவிதை ஒன்று உண்டு; கனடாக்காரர் ஒருவர் எழுதியது. பாடப்புத்தகத்தில் அது இல்லை. ஆண்டுதோறும் நானாகவே இழுத்து வந்து நடத்துவேன். என் குரல் தழுதழுக்கும். வகுப்பே கண் கலங்கும். அந்தக் கண்ணீர் எனக்குப் பிடித்திருந்தது...

சுரங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளியான கலியமூர்த்தியின் மகன் முருகவேலும் என் மகன் அருணும் ஒரே வகுப்பு. பள்ளிப் படிப்பு முடிந்ததும் இருவரும் ராணுவ ஆள்சேர்ப்புக்குப் போவதாக இருந்தார்கள். விடியற்காலையில் முருகவேல் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றான். உள்ளே அருண் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். நான் அந்த அறைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

“அவனுக்கு ராத்திரியிலேர்ந்து காய்ச்சல்டா. நீ கெளம்பு.”

“ஐயோ! பாத்துக்குங்க சார். நான் போய்ட்டு வந்து சொல்றன்.”

அவன் நெற்றியில் திருநீறு பூசி, பேருந்து நிலையம்வரை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். எதற்காக? அவனாவது போகாவிட்டால் நான் நடத்திய பாடம் பொய்யாகிவிடும் என்றா? இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. அருண் உள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டான். கதவைத் தட்டவில்லை. அதற்காக அவன் தன்னையே இன்னும் மன்னிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

முருகவேல் எல்லையில் இறந்துபோனான். அருண் பொறியாளனாகிக் கனடாவில் இருக்கிறான். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளருமாம்! நான் ஊட்டியது எதை?

சென்ற மாதம் அருண் ஒரு வெள்ளி நாணயம் அனுப்பினான். அந்தக் கவிதையின் நினைவாக அங்கே வெளியிட்டார்களாம். “முருகவேல் அப்பாகிட்ட குடுத்துடுங்கப்பா. விஷயத்தையும் சொல்லிடுங்க,” என்றான். எந்த விஷயம் என்று நான் கேட்கவில்லை.

சொல்லிவிடத்தான் போனேன்... நம்புங்கள்! கலியமூர்த்தி ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். நாணயத்தை வேட்டி முனையால் துடைத்து, மகனின் படத்தடியில் வைத்தார்.

“கலியமூர்த்தி, அன்னிக்கு அருணுக்கு...” என்று ஆரம்பித்தேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “ஜுரம் வந்துச்சே, நல்லதாப் போச்சு சார். இல்லன்னா அதுவும் போயிருக்கும். நானும் எங்க வூட்லயும் அத நெனச்சித்தான் மனசத் தேத்திகினு கெடக்கறோம். ஒரு புள்ளையாவது தப்பிச்சிதே!”

வாயைத் திறந்தேன்...

“ஆமாங்க,” என்றேன்.

அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். அதையும் குடித்துவிட்டு வந்தேன்!