ஸ்டெல்லா டீச்சரின் ஒரே சாட்சி

ஸ்டெல்லா டீச்சர் மாரடைப்பில் போய்விட்டார் என்ற செய்தி எங்கள் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. ஐந்து நிமிடத்துக்குள் கூப்பிய கைகள் வரிசை கட்டின. "தைரியசாலி" என்று ஒருவர் எழுதினார். டீச்சர் தன் வழக்குக்கு உதவி கேட்டபோது போனையே எடுக்காதவர் அவர். நான் எடுத்தேன். என்னைவிட, போன் எடுக்காத அவர் எவ்வளவோ மேல்.

ஸ்டெல்லா டீச்சர் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தையில் உள்ள எங்கள் பாடசாலைக்கு பஸ்ஸில் வந்து பதினெட்டு வருடம் கணிதம் படிப்பித்தவர். "விடை சரியெண்டாக் காணாது, வந்த வழியைக் காட்டு" என்று பிள்ளைகளை வாட்டி எடுப்பார். கரும்பலகை நிறைய எழுதினால்தான் அவருக்கு நிம்மதி.

ஒரு தனியார் மருத்துவ நிலையத்தார் பாடசாலைக்கே வந்து எங்களுக்கு வழக்கமான காய்ச்சல் தடுப்பூசி போட்டார்கள். அன்று பரிசளிப்பு விழா. டீச்சரின் இடது தோளில் சேலை, அதனால் வலது கையைக் காட்டினார். புதுச் சட்டையின் கை இறுக்கம், மேலே சுருட்ட முடியவில்லை. பின்னால் நின்ற நான்தான், "கழுத்துப் பக்கத்தால இறக்கி விடுங்கோ டீச்சர், நேரம் போகுது" என்றேன். தாதியும் அவசரத்தில், கைத்தசையில் போடாமல் கண்ணுக்குத் தெரிந்த தோள்மூட்டிலேயே ஊசியை ஏற்றினாள்.

அதன்பிறகு அந்தக் கை தோளுக்கு மேல் உயரவில்லை. பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதினார். பின்வரிசைப் பிள்ளைகள் எழும்பி நின்று பார்த்தார்கள். "மருந்தில பிழையில்லை, போட்ட இடம்தான் பிழை. அதை அவை ஒத்துக்கொள்ளட்டும்" என்று நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். பக்கத்தில் நின்று கண்டவள் நான் ஒருத்திதான்.

சாட்சி சொல்லும் நாள், புதுக்கடை நீதிமன்றக் கழிவறையில் அவருடைய சேலைக்கு நான்தான் பின் குத்தினேன். அவருக்குக் கை எட்டாது. "நீங்கள் இருக்கிறபடியா எனக்குப் பயமில்லை" என்றார். பிறகு நான் கூண்டில் ஏறினேன். ஊசி எந்த இடத்தில் போனது என்று கேட்டார்கள்.

"நான் கவனிக்கேல்லை" என்றேன்.

அந்த மருத்துவ நிலையத்தில் என் மகளுக்கு வேலை கிடைத்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வழக்கு பிறகு தள்ளுபடியானது.

நான் சாட்சி சொன்ன அன்று, நீதிமன்ற வாசலில் பின் கழன்று அவருடைய சேலை சரிந்தது. பழக்கத்தில் கையை நீட்டினேன்.

"விடுங்கோ டீச்சர். நீங்கள் செய்த உதவி காணும்" என்றார் அவர்.

சேலையை இடது கையால் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அத்தனை சனத்துக்கு நடுவே தனியே நடந்துபோய் ஓட்டோ ஏறினார்.

குழுவில் நீங்கள் எழுதும் அவருடைய தைரியத்தை, சிரிப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவர் விட்டுப்போனது அந்த ஒரு வசனம்தான்.