மாஸ்டர் கேசட் எங்கே?

தொண்ணூறுகளின் நடுவில் திண்டுக்கல்லில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. சின்னாளப்பட்டி முத்துலட்சுமியின் வழக்கில் நான் சாட்சி. அவள் புருஷன் வேறு பெண் பார்த்துவிட்டு, "இவளுக்கு நான் தாலியே கட்டலை" என்று சாதித்தான். கோயிலில் நடந்த கல்யாணம், எங்கும் பதியவில்லை. இடுப்பில் ஒரு வயதுப் பிள்ளை.

நான் எடுத்துக் கொடுத்த கல்யாணக் கேசட் அவளிடம் இருந்தது. ஆனால் அது காப்பி. கேமராவில் ஓடிய மாஸ்டர் கேசட்டை அழித்து, அடுத்த கல்யாணத்துக்குப் போட்டுவிட்டேன். அப்போது பலரும் அப்படித்தான் செய்தோம்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு, அவளுடைய வக்கீலிடம் போனேன்.

"தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிரவா சார்?"

"அழிச்சதை அழிச்சேன்னே சொல்லுய்யா. ஒரு பொய் மாட்டுச்சுன்னா கேசட்டையும் பொய்யின்னுருவாங்க."

கூண்டில் ஏறினேன். எதிர்த்தரப்பு வக்கீல் நேராக மாஸ்டர் விஷயத்துக்கே வந்தார்.

"இது ஒரிஜினலா?"

"இல்லைங்கய்யா, காப்பி."

"ஒரிஜினல் எங்க?"

"அழிச்சுட்டேங்கய்யா."

"படத்து மேல படம் சேர்க்கிற மிக்ஸிங் தெரியுமா?"

"தெரியும்."

"மாப்பிள்ளை தலையில பூ கொட்ட வைப்பீங்களா?"

"வைப்பேன்."

"அப்ப, யாரை வேணும்னாலும் மாப்பிள்ளை ஆக்கிருவீங்க!"

சிரிப்பு எழுந்தது. முத்துலட்சுமி தலை நிமிரவில்லை. என்னால் இவள் தோற்றுவிடுவாளோ என்று பயந்தேன்.

நீதிபதி என்னைப் பார்த்தார். "இதுல மிக்ஸிங் இல்லைன்னு எப்படி நம்புறது?"

"பாட்டு, பூவெல்லாம் நான் சேர்த்ததுதாங்கய்யா. தாலி கட்டுற இடத்துல மட்டும் கைவைக்க மாட்டேன். மூணாவது முடிச்சு வரைக்கும் கேமராவை நிறுத்தலை. கெட்டிமேளம் விடாமக் கேக்கும். நடுவுல வெட்டியிருந்தா சத்தம் குதிக்கும். போட்டுப் பாருங்கய்யா."

டிவியும் கேசட் ஓட்டும் டெக்கும் வந்தன. முதலில் வெறும் கோடுகள். டெக்கில் படத்தைச் சரிசெய்யும் டிராக்கிங் குமிழைத் திருகினேன். படம் தெளிந்தது. மேளம் ஒரு இடத்திலும் குதிக்கவில்லை. மூன்றாவது முடிச்சு முடிந்ததும், நானே மறந்துபோன ஒன்று நடந்தது. மாப்பிள்ளை கேமராவைப் பார்த்துக் கேட்டான்: "அண்ணே, படத்துல நல்லா விழுந்துச்சா?"

தாலியே கட்டலை என்று கோர்ட்டில் சாதித்தவனின் குரலேதான். அவன் தலை குனிந்தான்.

மாஸ்டர் அழிந்தது அவள் தவறல்ல, காப்பி போட்டவரே நேரில் வந்து சொல்லியிருக்கிறார் என்று நீதிபதி கேசட்டைச் சாட்சியமாக ஏற்றார். கல்யாணம் நடந்தது உண்மை என்று தீர்ப்பானது.

அதன்பின் நான் எந்த மாஸ்டரையும் அழிக்கவில்லை. உறையில் எடுத்த நாள், காப்பி போட்ட நாள், போட்டவர் பெயர் எழுதினேன். சிடி வந்தபிறகும் அதே பழக்கம்தான். தொழிலுக்கு வரும் தம்பிகளுக்குச் சொல்கிறேன்: எடுத்ததை வைத்திருங்கள், சேர்த்ததை ஒளிக்காதீர்கள். என்றோ ஒருநாள் ஒருத்திக்கு உங்களைவிட்டால் வேறு சாட்சி இருக்காது.