கடைசிப் பிள்ளைக்குப் பின்னால்

மகள் முந்தின நாளே சொல்லிவிட்டாள். பள்ளியிலிருந்து பொன்முடி மலைக்குப் பிள்ளைகளை நடக்கக் கூட்டிப்போகிற இரண்டு டீச்சர்களில் நானும் ஒருத்தி என்று தெரிந்ததும் அவள் முகம் சுருங்கியிருந்தது. பைக்குள் தொப்பியை அமுக்கிக்கொண்டே சொன்னாள்:

"அங்க வந்து மகளே கிகளேன்னு கூப்பிட்டுராத, கேட்டியா? நான் என் கூட்டுக்காரிகளோட இருப்பேன்."

கூட்டுக்காரிகளோடு இருந்திருந்தால் நான் ஏன் இப்படி வேகப்போகிறேன்! அவள் இருந்தது மலையாளம் டீச்சரோடு.

இந்த வருஷம்தான் என் தமிழ் வகுப்பை விட்டு அந்த வகுப்புக்கு மாறினாள். மார்க் கூடுதல் கிடைக்கும் என்று காரணம் சொன்னாள். காரணம் மார்க் இல்லை, அந்த டீச்சர். இளவயசு, நல்ல சிரிப்பு. எல்லாப் பிள்ளைகளையும் "மோளே" என்று கூப்பிடுவாள். அந்த மோளேயை என் மகள் தனக்கென்றே செய்து வைத்தது போல வாங்கிக்கொள்கிறாள். நானும் மகளே என்றுதான் பெற்ற நாள் முதலாகக் கூப்பிடுகிறேன். என்ன செய்ய, என் மகளேயோடு குளிச்சியா, சாப்பிட்டியா, போனைக் கீழே வை எல்லாம் சேர்ந்தே வருகிறது.

மலையில் பிள்ளைகளைக் கூட்டிப்போக ஒரு முறை உண்டு. முதல் பிள்ளைக்கு முன்னால் ஒரு டீச்சர், கடைசிப் பிள்ளைக்குப் பின்னால் ஒரு டீச்சர். பின்னால் வருகிறவள் கடைசிப் பிள்ளையைத் தாண்டி ஓரடி வைக்கக்கூடாது. என் வயதைப் பார்த்து எனக்குப் பின்னிடம் கொடுத்தார்கள், முன்னிடம் மலையாளம் டீச்சருக்கு.

புல்மேடு நனைந்து கிடந்தது. பனி ஏறி வந்து முன்னால் போகிறவர்களை அழிக்கும், பிறகு மனம் மாறி ஒவ்வொருவராகத் திருப்பித் தரும். ஒவ்வொரு முறையும் முதலில் தெரிந்தது என் மகளின் சிவப்புத் தொப்பி. அதன் பக்கத்தில் அந்த டீச்சரின் மஞ்சள் துப்பட்டா.

என் துப்பட்டா முனையில் அட்டைக்கடிக்கு உப்பு முடிந்து வைத்திருந்தேன். இன்றைக்கு ஒரே ஒரு தடவை அவள் என்னிடம் வரவேண்டும். அவ்வளவுதான் கேட்டேன். அட்டை கடிக்கட்டும், முள் தைக்கட்டும், குடிக்கத் தண்ணீர் தீர்ந்து போகட்டும். பெற்றவள் வேண்டுகிற வேண்டுதலா இது! வேண்டினேன்.

என் கடைசிப் பிள்ளை சாலைக் கடைத்தெரு மளிகைக்காரர் வீட்டுப் பெண், என் தமிழ் வகுப்பு. நடந்ததைவிட ஷூ லேஸ் கட்டியதுதான் அதிகம்.

"டீச்சர், வேணும்னா முன்னால போங்க. நான் ஒண்ணும் தொலஞ்சு போக மாட்டேன்."

"வாய மூடிட்டு நட."

"இல்ல, இப்படி எட்டி எட்டிப் பாத்தா கழுத்து வலிக்கும்லா."

அப்போதுதான் மேலிருந்து அலறல். "டீச்சரே, அட்ட!" அந்தக் குரல் எந்தக் கூட்டத்திலும் எனக்குத் தெரியும். டீச்சரே என்றது என்னை இல்லை என்பதும் தெரியும். தூரத்தில், அவள் பாறையில் உட்கார்ந்து காலை நீட்ட, மஞ்சள் துப்பட்டா மண்டியிட்டுக் குனிந்து சானிடைசர் ஊற்றியது. பிள்ளைகள் போனில் படம் பிடித்தார்கள். என் கடைசிப் பிள்ளையை உருட்டிக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது கணுக்காலில் மெல்லிய ரத்தக்கோடு மட்டும் மிச்சம்.

"சரியாயிட்டு" என்றாள், என் முகம் பார்க்காமல். உப்பு பனியில் கசிந்து என் விரலில் பிசுபிசுத்தது.

திரும்பும்போது வரிசை நின்ற இடத்திலேயே திரும்பியது. கடைசி முதலானது. இப்போது நான் முன்னால், அவர்கள் பின்னால், பாட்டோடு. எந்தப் பக்கம் நடந்தாலும் எனக்கும் அவளுக்கும் நடுவில் அதே நீளம்.

பஸ் இறங்கத் தொடங்கியது. கொண்டை ஊசி வளைவுகளில், ஏறும்போது ஒன்றும் செய்யாத அவள் வயிறு இறக்கத்தில் புரளும். இது எனக்கு மட்டும் தெரியும். காலியாக இருந்த பக்கத்து ஸீட்டில் பையை வைக்காமல் காத்திருந்தேன். வெளிறிப்போய் வந்து விழுந்தாள்.

"அம்மா, கவர் எடு."

அன்றைக்கு முதல் அம்மா. கவரைக் கையில் வைத்துக்கொண்டே, "ஏன், ஒன் டீச்சர்ட்ட இல்லையா?" என்றேன்.

"அவங்க முன்னாலயா? நாணக்கேடு. சீக்கிரம்மா..."

நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். தொட்டில் காலத்தில் உள்ளங்கைக்குள் அடங்கிய நெற்றி, இன்றும் அடங்கியது. அவள் குமட்டக் குமட்ட எனக்குள் ஏதோ பூத்தது. சிரிக்கிற முகம் அவளுக்கு, இந்த முகம் எனக்கு. போதும்.

"ஆரோ வாளு வெச்சு!" வாடை எட்டியதும், யாரோ வாந்தி எடுத்துவிட்டார்கள் என்று பின்ஸீட்டிலிருந்து ஒரு கூச்சல், பஸ் முழுக்கச் சிரிப்பு. மலையாளம் டீச்சர் கம்பிகளைப் பிடித்துப் பிடித்து வந்தாள்.

"ஆரா மோளே?"

மகள் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பார்வை என்னிடம்தான் வந்தது.

"நான்தான் டீச்சரே" என்றேன், கவரைத் துப்பட்டாவால் மூடி. "வளைவு ஒத்துக்கல."

துப்பட்டாவுக்கு அடியில் என் சுண்டுவிரலை ஒரு விரல் அழுத்தியது.

"அய்யோ டீச்சரே! வரூ, என்றெ ஸீட்டில் இரிக்கூ. காற்று கிட்டும்."

கைத்தாங்கலாக என்னை நடத்திக்கொண்டுபோய் முன்னால் ஜன்னலோரத்தில் உட்காரவைத்தாள். பிறகு திரும்பிப் போய் என் இடத்தில் உட்கார்ந்தாள், என் மகள் பக்கத்தில்.

காற்று நன்றாகத்தான் வந்தது. கல்லாறு பாறைகளுக்கு நடுவே வெள்ளையாக நுரைத்துப் போயிற்று. நான் டிரைவரின் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் மஞ்சள் துப்பட்டாவில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள்.

விதுராவில் சாயாவுக்கு நிறுத்தியபோது, என் கையில் முடிச்சுப் போட்டிருந்த கவரைப் பார்த்து கிளீனர் கை நீட்டினார்.

"இங்ஙோட்டு தா டீச்சரே, ஞான் களயாம்."

"வேண்டாம்" என்றேன். "நானே போட்டுக்கறேன்."