முதுகில் ஊசி போட்ட காலையில் நான் சொன்ன பொய்

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது என் நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொண்டது. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூட நான் குடிக்கவில்லை. யாரும் தடுக்கவில்லை. சாப்பாடுதான் கூடாது, வெறும் தண்ணீர் காலை ஆறு மணி வரை குடிக்கலாம் என்று மயக்க மருந்து டாக்டர் சொல்லியிருந்தார்.

ஐந்தரைக்கு என் கணவர் பாட்டிலை நீட்டினார்.

"இந்தா, குடி. டாக்டரம்மாவே குடிக்கச் சொல்லிச்சே."

"வேணாங்க. நடுவுல ஒண்ணுக்கு வந்தா இன்னா பண்றது?"

"இங்கயும் ரிலீவர் வந்து நிக்கணுமா உனக்கு? டியூப் போடுவாங்கடி" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள். சேரப்பணஞ்சேரியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஒரகடம் போய், காருக்கான வயர்களைக் கட்டும் லைனில் ஆறு வருடம் நின்றிருக்கிறேன். பாத்ரூம் போக வேண்டுமானால் கையைத் தூக்க வேண்டும். ரிலீவர் (நம் இடத்தில் நிற்கும் மாற்று ஆள்) வந்த பிறகுதான் நகர முடியும். அடிக்கடி கை தூக்குகிறவள் பேர் மீட்டிங்கில் வரும். அதனால் நாங்கள் தண்ணீரையே குறைத்துக்கொள்வோம். நிறைத்து எடுத்துப்போகும் பாட்டில் நிறைந்தபடியே வீடு திரும்பும்.

ஒன்பதாம் மாத ஸ்கேனில் குழந்தையின் தலை மேலேயும் பிட்டம் கீழேயும் இருந்தது. சிசேரியன் என்றார்கள். முதுகுத்தண்டு மயக்க ஊசி (இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்வது) என்றார்கள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. முதுகுவலி ஆயுசுக்கும் இருக்கும், கால் விளங்காது என்று கேட்டதையெல்லாம் நினைத்து நினைத்துப் பயந்தேன். மயக்க மருந்து டாக்டரிடமே கேட்டேன்.

"முதுகைப் பத்தி அப்புறம் பாக்கலாம்மா. என் கவலை பிரஷர்தான். ஊசி போட்டதும் சட்டுனு இறங்கும். இறங்கினா குழந்தைக்குப் போற ரத்தமும் குறையும். தலை சுத்துதா, குமட்டுதா, உடனே சொல்லணும். வாந்தி வந்தப்புறம் இல்ல. வர்றாப்ல இருக்கறப்பவே."

தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்கு நன்றாக வரும்.

மேசையில் உட்காரவைத்து, தலையணையைக் கட்டிக்கொண்டு குனியச் சொன்னார்கள். கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது.

"தண்ணி குடிச்சியாம்மா?" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து டாக்டர் கேட்டார்.

"குடிச்சேன் மேடம்."

சூப்பர்வைசர் கேட்டால் "ஓகே சார்" என்று வருமே, அப்படித்தான் வந்தது அந்தப் பொய்.

ஊசி எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. கால்கள் சூடாயின. பிறகு அவை என்னுடையவையாக இல்லை. படுக்கவைத்து வலது இடுப்புக்கு அடியில் துணிச்சுருள் வைத்து, என்னை இடது பக்கமாகச் சாய்த்தார்கள் (வயிற்றின் பாரம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தாமல் இருப்பதற்கு). முகத்துக்கு முன்னால் பச்சைத் துணி ஏறியது.

கொஞ்ச நேரத்தில் காது அடைத்தது. விளக்கின் ஓரம் கருத்தது. வாயில் எச்சில் ஊறியது. டாக்டர் சொன்னது இதைத்தான் என்று தெரிந்தது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. லைனில் கண் இருட்டினால் பீஸை எண்ணுவேன், இன்னும் பத்து போகட்டும் என்று. அங்கேயும் எண்ணினேன். ஒன்று, இரண்டு. பக்கத்தில் மெஷினின் சத்தம் மெதுவாகிக்கொண்டே வந்தது.

டாக்டரின் முகம் தலைகீழாகத் தெரிந்தது. "இன்னாம்மா பண்ணுது?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

"ஒண்ணும் இல்லையா? பிரஷர் எழுபது! சிஸ்டர், மருந்து ஏத்துங்க. டேபிளை இன்னும் சாய்ங்க."

"குமட்டுது" என்று அப்போது சொல்லப் பார்த்தேன். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. துணிக்கு அந்தப் பக்கம் யாரோ "சீக்கிரம், சீக்கிரம்" என்றார்கள். வயிற்றுக்குள் ஒரு பெரிய இழுப்பு. அதன் பிறகு அழுகை கேட்க வேண்டும். கேட்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கணவரிடம் கேட்டால் வெளியே அவருக்கு எதுவுமே தெரியவில்லை என்கிறார்.

பிறகு அழுதது. ஒல்லியான குரல். நர்ஸ் பக்கத்தில் கொண்டுவந்து காட்டினார்.

"பொண்ணு. இவ அழுவுறா பாரு. நீதான் வாயத் தொறக்க மாட்டேன்ற."

சாயங்காலம் கால் கட்டைவிரல் அசைந்தது. பார்க்க வந்த டாக்டரிடம் தண்ணீர் விஷயத்தைச் சொல்லி அழுதேன். அவர் திட்டவில்லை.

"அது மட்டும் காரணம் இல்லம்மா. குடிச்சவங்களுக்கும் இறங்கும். அதுக்குத்தான் மருந்து கையில வச்சிருந்தோம். ஆனா அந்த மெஷின் ரெண்டு நிமிஷத்துக்கு ஒருவாட்டிதான் பிரஷர் பாக்கும். நடுவுல நடக்கறது உனக்கு மட்டும்தான் தெரியும்."

சிசேரியனுக்குத் தேதி வாங்கிக்கொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது அந்த நடு நேரத்தைப் பற்றித்தான். அங்கே யாரும் உங்கள் பேரைக் குறித்துக்கொள்ள மாட்டார்கள். சொல்லிவிடுங்கள்.

மகளுக்கு இப்போது ஏழு மாதம். நன்றாக இருக்கிறாள். ஆனாலும் அவள் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கினால் மூக்கருகில் விரல் வைத்துப் பார்க்கிறேன். நான் மறுபடி லைனுக்கு வந்துவிட்டேன். முன்பு எனக்கு ஷிப்ட் என்பது எட்டு மணி நேரம். இப்போது அது இரண்டிரண்டு நிமிடமாகத்தான் போகிறது. ஒவ்வொரு இரண்டுக்கும் நடுவில் இந்த உடம்பு ஏதாவது சொல்கிறதா என்று கேட்டுக்கொண்டே நிற்கிறேன்.

பதினோரு மணிக்குள் பாட்டிலில் பாதியைக் குடித்துவிட்டுக் கையைத் தூக்குகிறேன். போன வாரம் மீட்டிங்கில் என் பேர் வந்தது. ரிலீவர் இப்போதெல்லாம் வேண்டுமென்றே மெதுவாக வருகிறாள். கை கடுக்கிறது. நான் இறக்குவதில்லை.