தூக்குச்சட்டிக் கதை

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடியில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். சிறுவர் பத்திரிகை ஒன்றில் அவ்வப்போது என் கதை வரும். அந்தப் பெயரில் சுற்றுவட்டாரப் பள்ளிக்கூடங்களில் என்னைப் பேசக் கூப்பிடுவார்கள். அப்படித்தான் சங்கரன்கோவிலில் ஒரு நடுநிலைப்பள்ளிக்குப் போனேன். மேடையில் எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள். "புளியங்குடிக்காரனுக்கே எலுமிச்சம்பழமா?" என்று கேட்டேன். வாத்தியார்கள் சிரித்தார்கள். பிள்ளைகள் சிரிக்கவில்லை. அவர்களை வெயிலில் உட்கார வைத்திருந்தார்கள்.

நான் சொன்ன இரண்டு கதைகளும் எடுபடவில்லை. ராஜா, கிளி, பறக்கும் குதிரை. பின்வரிசையில் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார்கள். நேரத்தை ஓட்டுவதற்காக, "உங்கள்ல யாருக்காவது கதை சொல்லத் தெரியுமா?" என்று கேட்டேன்.

ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்தாள். சட்டையில் பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் ஊக்கு.

"ஒரு ஊர்ல ஒரு தூக்குச்சட்டி இருந்துச்சு சார். காலையில வயிறு நெறைய சோத்தோட வேலைக்குப் போவும். சாயங்காலம் வயிறு முட்ட நூலைத் தின்னுட்டு வரும். வழியில யாராச்சும் 'ஏலே, வயித்துல என்னலே?'ன்னு கேட்டா, 'வவுத்து வலி அண்ணாச்சி'ன்னு சொல்லும்."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தச் சட்டி எப்படி நடக்கும் என்று நடந்தும் காட்டினாள். பின்வரிசைகூட உருண்டு சிரித்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் அவளைக் கூப்பிட்டு, "இந்தக் கதையை யார் சொன்னா?" என்றேன்.

"யாரும் சொல்லல சார். எங்க அப்பா தூக்குச்சட்டிதான் அது" என்று மெதுவாகச் சொன்னாள். அப்பா ஒரு முதலாளியின் தறிக் கொட்டகையில் விசைத்தறி ஓட்டுகிறார் என்றும் சொன்னாள்.

சட்டியில் ஒளித்து வருவது முதலாளியின் நூல் என்பது அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. புரியவில்லை என்றுதான் பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

திரும்பி வந்த பஸ்ஸிலேயே எழுத ஆரம்பித்தேன். அதுவரை நான் எழுதிய எதிலும் இல்லாத உயிர் அதில் இருந்தது. கடைசியில், கதையைச் சொன்னவர் என்று அவள் பெயரையும் வகுப்பையும் பள்ளிக்கூடத்தையும் போட்டேன். அதைப் பெருந்தன்மை என்று நினைத்தேன். இதழ் வந்ததும் பள்ளிக்கு ஒரு பிரதி அனுப்பினேன். தலைமையாசிரியர் காலைப் பிரார்த்தனையில் அதை வாசித்து, அவளை முன்னால் நிறுத்திக் கைதட்டச் சொன்னாராம். அடுத்த வருடமும் வரும்படி எனக்குக் கடிதம் போட்டார்.

போனதும் அவளைத்தான் தேடினேன். வகுப்பில் இல்லை. ஒரு பையன் எழுந்து நல்ல சேதி சொல்வதுபோலச் சொன்னான்.

"அவ நின்னுட்டா சார். மொதலாளி மவளும் இங்கனதான் படிக்கா. நீங்க எழுதுனதை வீட்டுல கொண்டுபோய்க் காட்டிட்டா. இவ அப்பாவைத் தறி செட்டுல கட்டிவெச்சு அடிச்சாவ."

பக்கத்துப் பெஞ்சிலிருந்த பெண் விடவில்லை. "தூக்குச்சட்டியைக் கழுத்துல மாட்டித் தெருத்தெருவா கூட்டிட்டுப் போனாவ சார். நாங்கல்லாம் பின்னாலயே போனோம்!"

வகுப்பு சிரித்தது.

கூட்டம் தொடங்க அரைமணி நேரம் இருந்தது. வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன். அவள் வாசலில் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நூலை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் அம்மா எட்டிப் பார்த்தாள்.

"நீங்கதான் அந்தக் கதை சாரா?"

"ஆமா."

"செட்டுல எல்லாரும் எடுக்கதுதான் சார். எங்க பிள்ள பேருதான் புஸ்தகத்துல வந்துட்டு."

அவள் அப்பா எழுந்து வந்தார். வலது மணிக்கட்டு உடைந்து கோணலாகக் கூடியிருந்தது. இடது கையால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க சார். பிள்ள மேல ஒரு தப்பும் இல்ல. அன்னைக்கு இருந்த கோவத்துல அதையும் ரொம்ப அடிச்சுட்டேன்."

உள்ளிருந்து அவள் குரல் மட்டும் வந்தது. "எங்கிட்ட வேற கதை ஒண்ணும் இல்ல. போவச் சொல்லும்மா."

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். "பள்ளிக்கூடத்துல காத்துக்கிட்டு இருப்பாங்க" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினேன்.

பள்ளியில் மைக் தயாராக இருந்தது. தலைமையாசிரியர் என் காதருகே குனிந்து, "அந்தத் தூக்குச்சட்டிக் கதையையே சொல்லுங்க சார். பிள்ளைகளுக்கு உயிரு" என்றார். சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தும் காட்டினேன். நல்ல கைதட்டல்.

சில வருடம் கழித்து என் கதைகள் புத்தகமாக வந்தபோது, அதைச் சேர்க்க வேண்டாம் என்று ஒரு வாரம் நினைத்தேன். பதிப்பாளர் அதுதான் முதல் கதையாக இருக்க வேண்டும் என்றார். சரி என்றேன். அவள் பெயரை மட்டும் எடுத்துவிட்டேன். சங்கரன்கோவிலிலிருந்து பிறகும் அழைப்பு வந்தது. ஒவ்வொரு முறையும் காய்ச்சல் என்று பதில் போட்டேன்.